எடையற்ற கயிறு

தேர்வு வாரியத்தைப் பற்றி முதலிலேயே நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு இடம் கிடைக்காது. ஏழு மாடிக் கட்டடம். கழிப்பறை சுத்தமாக இருக்கும். காத்திருப்பவர்களுக்கு மின்விசிறி உண்டு, அது சுற்றவும் செய்யும். ஒரு பிள்ளை தோற்றுப்போனால் 'தோல்வி' என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதமாட்டார்கள், 'தேர்ச்சி நிலையை நோக்கிய பயணத்தில் உள்ளார்' என்று எழுதுவார்கள். நாலு ஆகிவிட்டது.

தையல்காரர் அந்தக் கட்டடத்துக்கு வந்தது பயணத்தில் இருக்கும் தன் மகளுக்காக. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது, வீட்டில் சிட்டு. புத்தகத்தைத் திறந்துவிட்டால் சிட்டுவுக்குக் காது அடைத்துக்கொள்ளும். அதனால் அவள் அம்மா எதற்கும் இரண்டு தடவை கூப்பிடுவாள். "முதல் சிட்டு சுவத்துக்கு, ரெண்டாவது சிட்டுதான் எனக்கு" என்று மகளே கேலி செய்வாள். இரண்டாவது தடவைக்குத்தான் தலை நிமிரும். வேறு யாரையும் அந்த அம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டதில்லை. புருஷனை ஒரு தடவைகூடச் சரியாகக் கூப்பிட்டதில்லை, "இந்தாங்க" என்பதோடு சரி.

அந்த அம்மாள் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவள். போன வருஷம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து விழுந்து இறந்துபோனாள். விழுந்தது இதே வாரியக் கட்டடத்திலிருந்துதான். வாரியத்தின் பொன்விழாவுக்காக வெளிச்சுவருக்கு வெண்ணெய் நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை வாரியத்தின் ஆறுதல் பிரிவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்றிலிருந்து சாப்பிடுகிறார், தூங்குகிறார், சீருடைக்குக் காலர் வைக்கிறார்.

சிட்டு எல்லாப் பாடத்திலும் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். இயற்பியலிலும் அப்படித்தான், ஒரே ஒரு கட்டாய வினாவைத் தவிர. அதில் பூஜ்யம். கட்டாய வினாவில் பூஜ்யம் வாங்கினால் பாடமே போச்சு என்பது வாரியத்தின் விதி. செவிலியர் கல்லூரியில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது, இயற்பியல் தேறினால் போதும். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "அந்த ஒரு கேள்வி மட்டும் என்னால முடியலப்பா" என்றாள். அவளால் முடியாத கேள்வியா? கூட்டும்போது யாரோ தப்பு பண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு அவர் கிளம்பி வந்தார்.

கட்டடத்தைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார். ஆனாலும் கண்ணில் பட்டுவிட்டது. சுவர் முழுக்க வெண்ணெய் நிறம். ஆறாவது மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பழைய சாம்பல் நிறம் அப்படியே விட்டுக் கிடந்தது. அவள் கை அதுவரைக்கும்தான் போயிருந்தது.

வாசலில் படிக்கட்டு சோப்புத் தண்ணீரில் பளபளத்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'உராய்வைப் புறக்கணிக்கவும்.' வாரியத்தில் எல்லாமே இப்படித்தான். வருஷக்கணக்கில் வினாத்தாளில் காற்றின் தடையைப் புறக்கணிக்க, உராய்வைப் புறக்கணிக்க என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. தனக்கு முன்னால் வழுக்கி விழுந்த ஒரு பெரியவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, தையல்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஈர்ப்புப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. அங்கே ஒரு மேடம், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிட்டுவின் விடைத்தாளை எடுத்தார். நல்ல மனுஷி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"கூட்டல்ல தப்பில்லீங்க. அந்த வினா இதுதான், வாசிக்கிறேன் கேளுங்க" என்றார். செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தார்.

"இருபது மீட்டர் உயரத்தில் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கும் ஒருவர், ஓய்வு நிலையிலிருந்து கீழே விழுகிறார். அ, அவர் தரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? ஆ, தரையில் மோதும் ஒலி, மேலே ஜன்னலில் நிற்பவரின் காதை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? காற்றின் தடையையும் கயிற்றின் எடையையும் புறக்கணிக்க."

தையல்காரர் கையில் இருந்த தண்ணீர் மடியில் கொட்டியது. மேடம் அதைப் புறக்கணித்தார்.

"வினாக்களை அன்றாட வாழ்க்கையிலேருந்து எடுக்கணும்னு போன வருஷம் சுற்றறிக்கை வந்தது. நாங்க எங்க வளாகத்துலயே நடந்த நிகழ்வை எடுத்தோம். டேப் வச்சு அளந்தோம். மாணவர்கள் தங்களோட வாழ்க்கையோட தொடர்புபடுத்திப் பாக்கணும், அதுதான் நோக்கம். உங்க பொண்ணு விஷயத்துல அந்த நோக்கம் முழுசா நிறைவேறியிருக்கு."

"அவ என்னங்க எழுதியிருக்கா?"

மேடம் தாளைத் திருப்பிக் காட்டினார். சிட்டுவின் குண்டு குண்டான கையெழுத்து. முதல் கேள்விக்கு, 'இன்னும் தரையை அடையவில்லை' என்று எழுதியிருந்தாள். இரண்டாவது கேள்விக்கு, 'அதனால் ஒலி எழவில்லை.'

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில், தன் பக்கத்து அறையில் படுத்திருக்கிற பெண் இத்தனை நாளாக என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

"பாருங்க, ரெண்டாவது விடை முதல் விடையோட ஒத்துப்போகுது. தர்க்கம் இருக்கு. அதை நாங்க குறை சொல்லல. ஆனா அலகு இல்லை. நேரம்னு கேட்டா விநாடின்னு முடியணும். அலகு இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது."

"சரியான விடை எதுங்க?"

"ரெண்டு விநாடி."

"ரெண்டா?" அவர் நிமிர்ந்தார். "ஒரு நொடிகூட ஆகியிருக்காதுன்னு வீட்டுக்கு வந்து சொன்னாங்களே."

"அது ஆறுதல் பிரிவு. அவங்க கணக்கு போடமாட்டாங்க."

மேடத்தின் தலைக்கு மேலே ஒரு கடிகாரம் இருந்தது. அதில் விநாடி முள் நகர்வதைத் தையல்காரர் பார்த்தார். ஒன்று. இரண்டு. ரொம்ப நேரமாக இருந்தது. மறுபடியும் பார்த்தார். இவ்வளவு நேரம் அவளுக்கு இருந்திருக்கிறது. சத்தம் போடாமல் அழுதார். மேடம் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "கயிறுன்னு போட்டிருக்கே. அன்னிக்குக் கயிறே கட்டலைன்னு கூட வேலை பாத்தவங்க சொன்னாங்க."

"கயிறு இருந்ததுங்க. அதோட எடையைத்தான் புறக்கணிச்சோம். சந்தேகம்னா இயக்கப் பிரிவுல கேட்டுக்கங்க. கயிறு, கப்பி எல்லாம் அவங்க பொறுப்பு."

இயக்கப் பிரிவில் யாரும் அசையவில்லை. தலைமை எழுத்தர் மட்டும் கண்ணைத் திறந்தார். கயிறு என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வாரியத்துக்கு எது வாங்கினாலும் பாடப்புத்தகத்துல உள்ள தரத்துல வாங்கணுங்க. நம்ம புத்தகத்துல எல்லாக் கணக்குலயும் கயிறு எப்படி இருக்கும்? எடையற்றது, நீளாதது. அப்படித்தான் டெண்டர் விட்டோம். எத்தனை வியாபாரி வந்தாங்க. நைலான், பருத்தி, கம்பி. ஒவ்வொண்ணா தராசுல வச்சோம். எல்லாத்துக்கும் எடை இருந்துச்சு. தள்ளிட்டோம். தரத்துல நாங்க விட்டுக்கொடுக்கறதில்லை."

"அப்புறம்?"

"ஒருத்தர் வெறுங்கையோட வந்தார். தராசுல வச்சுட்டேன், பாருங்கன்னார். பூஜ்யம் காட்டிச்சு. இழுத்துப் பாருங்கன்னார். நீளல. அவர்கிட்டயே வாங்கிட்டோம்."

தையல்காரர் இதில் எங்கேயாவது சிரிக்க வேண்டுமா என்று அவர் முகத்தைப் பார்த்தார். சிரிக்கிற விஷயமாக அங்கே எதுவும் தெரியவில்லை.

"அதையா எம் பொண்டாட்டி இடுப்புல கட்டினீங்க?"

"நானே கட்டினேன். முடிச்சு போட்டேன். கயிறு எங்கேன்னு கேட்டாங்க. கட்டியாச்சும்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. வேணாம்னா வேற ஆளைப் போட்டுக்கறோம்னு சொன்னோம். சிரிச்சாங்க. சரிங்க ஐயா, ஏறிடறேன்னு போயிட்டாங்க. ரொம்பப் பணிவான அம்மா."

அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். வேலை போய்விடும் என்றால் அவள் அப்படித்தான் சிரிப்பாள். வாயை ஒரு பக்கமாக இழுத்து, சத்தமில்லாமல். வீட்டுக்கு வந்ததும் அதே சிரிப்பை இன்னொரு தடவை செய்து காட்டி மகளைச் சிரிக்கவைப்பாள். அன்றைக்குச் செய்துகாட்ட அவள் வரவில்லை.

"அறுந்துபோச்சாங்க?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்கிறோம் என்று அவருக்கே உறைத்தது.

"இல்லவே இல்லை. எங்க கயிறு அறுந்ததா சரித்திரமே கிடையாது. இன்னிக்கும் புதுசு மாதிரி இருக்கு, வந்து பாருங்க." எழுத்தர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். கொக்கியில் ஓர் அட்டை தொங்கியது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எழுத்தர் அந்த ஒன்றுமில்லாததைத் தூசி தட்டிச் சுருட்டி மறுபடி மாட்டினார்.

அலைப் பிரிவு ஆறாவது மாடியில். சாம்பல் நிறச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்த அறைதான் என்பது ஜன்னலுக்குப் பக்கத்தில் போனபோது அவருக்குப் புரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி மெல்லிய ஆள், மெல்லிய குரல். வினாவின் இரண்டாவது பாதி அவர் எழுதியது.

"ஜன்னல்ல நின்னது நான்தான்" என்றார். "டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். மோதல் ஒலி இங்கே வந்து சேர ஒரு விநாடியில நூத்துல ஆறு பங்குதான். ரொம்ப அழகான கணக்கு அது. பசங்க யாருமே சரியா போடல."

"அதுக்கு முன்னாடி ஏதாவது கேட்டுச்சாங்க?"

"முன்னாடி வந்த ஒலி பாடத்திட்டத்துல இல்லை."

"அப்ப வந்துச்சு."

அதிகாரி மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். "வந்தது. ஒலி மூலம் நம்மைவிட்டு விலகிப் போனா சுருதி குறையும். அது குறைஞ்சுக்கிட்டே போச்சு. அதையே தனி வினாவா கேக்கலாம்னு நான் குழுவுல சொன்னேன். பசங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டாங்க."

"என்ன சொன்னாங்க அவ?"

"அலைநீளம் சொல்லலாம், அதிர்வெண் சொல்லலாம். சொல்லுக்கு அலகு கிடையாதுங்க. அதை நாங்க பதிவு பண்றதில்லை."

தையல்காரர் கும்பிட்டார். கோபப்பட வேண்டிய இடத்தில் இந்த மனுஷர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.  அதிகாரி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இன்னும் மெல்லிய குரலில் சொன்னார்.

"ஏதோ ஒரு பேருங்க. எனக்கு அது சரியாப் பிடிபடல. ஒரே பேரை ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை முழுசா வந்து சேரல."

  தையல்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார், அவர் உட்காரவில்லை.

மேல்முறையீடு என்றால் தலைவரிடம்தான் போக வேண்டும். ஏழாவது மாடியில் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். மேடம் வந்தார், எழுத்தர் வந்தார், மெல்லிய அதிகாரி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் பெரிய மனசுக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவருக்குப் பின்னால் பொன்விழாப் படம் மாட்டியிருந்தது. அதில் கட்டடத்தை அந்தச் சாம்பல் நிறப் பகுதி தெரியாத கோணத்தில் எடுத்திருந்தார்கள்.

"சொல்லுங்க, உங்க கோரிக்கை என்ன?"

"அந்த விடைக்கு மார்க் போடுங்க ஐயா. அவ தப்பா எழுதல."

"உங்க மனைவி தரையை அடைஞ்சுட்டாங்களே. நான் வருத்தத்தோடதான் சொல்றேன். ஆனா அது உண்மை."

"உங்க கட்டடத்துல அடைஞ்சுட்டாங்க ஐயா. எங்க வீட்டுல இன்னும் இல்லீங்க."

  தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது என்று பிற்பாடு மேடம் எல்லோரிடமும் சொன்னார்.

"இந்த வாரியத்துக்கு இதயம் இல்லைன்னு வெளியே பேசிக்கறாங்க" என்று தலைவர் ஆரம்பித்தார். "இதயம் இருக்கு. அதுக்கு மேல விதிகள் இருக்கு. அலகில்லாத விடையை ஏத்துக்கிட்டா நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வலிக்கிறதை எழுதிட்டு மார்க் கேக்கும். வலிக்காத வீடு எது? அப்புறம் நாங்க எதைத் திருத்தறது? ஆனா இந்தக் குடும்பத்துக்கு வாரியம் ஏதாவது செஞ்சாகணும். ரெண்டு சலுகை தர்றேன். ஒண்ணு, மறுதேர்வுல 'ஒருவர்'ங்கற சொல்லை எடுத்துட்டு 'ஒரு கல்'னு போடுவோம். விடை மாறாது. எல்லாப் பொருளும் ஒரே மாதிரிதான் விழும். கல்லும் சரி, நானும் சரி, உங்க மனைவியும் சரி. இயற்பியல்ல உள்ள மாதிரி சமத்துவம் வேற எங்கேயும் கிடையாது."

எழுத்தர் மெல்லக் கை தட்டி, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டாவது சலுகை, இதுவரைக்கும் நாங்க யாருக்கும் தராதது. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கு சுலபமா இருக்கட்டும்னு பத்துன்னு வச்சிருந்தோம். உண்மைல அது ஒன்பது புள்ளி எட்டு. இந்த ஒரு வினாவுக்கு மட்டும் கருணை அடிப்படையில அதைக் குறைச்சுடறேன். மேடம், எவ்வளவு வருது?"

மேடம் கணக்குப் போட்டார். "ரெண்டு புள்ளி பூஜ்யம் ரெண்டு விநாடி சார்."

"ஆக, உங்க மனைவிக்கு வாரியம் ஒரு விநாடியில நூத்துல ரெண்டு பங்கு கூடுதலா வழங்குது" என்றார் தலைவர். எழுந்து வந்து தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்களால முடிஞ்சது."

தையல்காரர் நன்றி சொன்னார். என்ன செய்வது, அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. படிக்கட்டில் அந்தப் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது சிட்டு தையல் மெஷினுக்குப் பக்கத்தில், வெட்டிப் போட்ட துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "சிட்டு" என்று கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட வாயெடுத்தார், வரவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டார்.

"என்னப்பா சொன்னாங்க?"

"உன் பேப்பரைக் காட்டினாங்க."

அவள் புத்தகத்தை மூடினாள். கல் என்று மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னதை அவர் சொன்னார். அம்மாவுக்கு நேரம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருப்பதையும் சொன்னார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆறாவது மாடியில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அது அவரோடு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

"கல்லுன்னு போட்டா மட்டும் எனக்குத் தெரியாதா? ரெண்டு விநாடின்னு அன்னிக்கே தெரியும்பா. பேனாவைத் தாள்ல வச்சுட்டேன். எழுதினா அம்மா விழுந்துடுவாங்க. அதான் எழுதல."

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நாளா அந்தரத்துல நிக்கறா உங்கம்மா" என்றார். "கை வலிக்காதா அவளுக்கு? கயிறும் இல்ல. இறக்கிடலாம்மா."

 சிட்டு அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், அதில் புறக்கணிக்க எதுவும் இல்லை.

மறுதேர்வில் அவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது, செவிலியர் கல்லூரியில் சேர்ந்தாள். வாரியம் தன் ஆண்டு மலரில் இதைக் கருணையின் வெற்றி என்று போட்டுக்கொண்டது. அதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது மறுதேர்வு நடந்த அன்றைக்குப் பள்ளி வாசலில் நடந்ததுதான்.

தையல்காரர் காலையிலிருந்தே வாசலில் நின்றுகொண்டிருந்தார். மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் வந்து தீர்ந்த பிறகு, கடைசியாக சிட்டு வந்தாள். கையில் பேனா மூடாமல் இருந்தது.

"வந்துச்சா அந்தக் கேள்வி?"

"வந்துச்சு."

"எழுதிட்டியா?"

"ம்."

"அலகு போட்டியா?"

"போட்டேன்."

அவர் அவளிடமிருந்து பேனாவை வாங்கி மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் நடந்தார்கள்.  தெருமுனையில் திரும்புகிற இடத்தில் அவள் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு புள்ளி பூஜ்யம் ரெண்டுன்னு போட்டேன்" என்றாள். "மெதுவாத்தான் இறக்கினேன்பா."